பெருக்கல் குறி போட்ட இடங்கள்

கோர்ட்டுக்கு எதிரே டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்துப் பிழைக்கிறவன் நான். பிரிந்து போகிறவர்களின் சொத்துப் பட்டியல்களை இருபது வருடமாக அடிக்கிறேன். மிக்ஸிக்காகக் கட்டிப் புரண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். குக்கர் ஒருவருக்கு, மூடி இன்னொருவருக்கு என்று எழுதச் சொன்ன புண்ணியவான்களும் உண்டு. அதனால் தையலக்காவும் அவர் வீட்டுக்காரர் மாஸ்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் பட்டியல் சொன்னபோது, மனுஷர்கள் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை அவர்களுடையது. ஆறு மெஷின். மாஸ்டர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார். அக்கா கோடு பிசகாமல் தைப்பார். பொத்தான் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கும். குறி இருந்தால் பொத்தான், அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் பள்ளி திறப்பதற்குள் ஆயிரம் சட்டை முடியுமா? பதினெட்டு வருடம் அப்படியே பழகிய கை. பேங்க் காகிதம் வந்தாலும், கையெழுத்து வேண்டிய இடங்களில் மாஸ்டர் பென்சிலால் அதே குறியைப் போட்டுக் கொண்டுவருவார். அக்கா மிதியிலிருந்து காலைக்கூட எடுக்காமல், குறி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சட்டையைக் கையில் எடுப்பார்.

மாஸ்டருக்கு வேறொரு தொடர்பு என்று தெருவில் பேச்சு. அக்கா என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார்.

"அவரு மனசு வீட்டுல இல்ல தம்பி. இருக்கிறதைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டுப் போயிடலாம். எனக்கு எம்பொண்ணுக்கு ஒரு கூரை இருந்தாப் போதும்."

பெண் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறை வீடு, ஜன்னலோரம் ஒரு மெஷின் போட இடம். அக்கா கேட்டது அதை மட்டுமே.

வக்கீல் இரண்டு பேருக்கும் ஒருவரே. "எதுக்கு ரெண்டு ஃபீஸு, வீண் செலவு" என்று மாஸ்டர்தான் கூட்டிவந்தார். கடையும் ஆறு மெஷினும், மெஷின் வாங்கிய கடனும் மாஸ்டருக்கு. வீடு அக்காவுக்கு. நூல்கண்டைக்கூட எண்ணினார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. "நீயே வெச்சுக்க" என்று மாஸ்டர் தள்ளிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

வக்கீல் கேட்டார். "வீட்டு மேல ஏதாவது கடன் இருக்கா?"

"வீட்டுக் கடன் எப்பவோ கட்டி முடிச்சாச்சு சார்" என்றார் அக்கா.

"பத்திரம் எங்க?"

"பேங்க்ல இருக்கு, லாக்கர்ல" என்றார் மாஸ்டர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே.

'வீட்டின் மீது எவ்விதக் கடனும் இல்லை' என்று நான் அடித்தேன். பேங்குக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்க அக்கா என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் இல்லை, இதே மாதிரி மாட்டிக்கொண்ட இரண்டு பேருக்கு மனு அடித்த கை இது. ஆனால் வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிரிந்த பத்தாவது மாதம் பேங்கிலிருந்து அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. மாஸ்டர் மூன்று தவணையோடு நிறுத்திவிட்டு, மெஷின்களை விற்றுவிட்டுக் கம்பி நீட்டியிருந்தார். மெஷின் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தது அந்த வீட்டைத்தான். பத்திரம் பேங்கில் இருந்தது உண்மை. அடமானமாக இருந்தது.

கோர்ட் முத்திரை போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அக்கா பேங்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேனேஜர் கெட்ட மனுஷரில்லை.

"இது நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டதும்மா. கடன் கொடுத்த எங்களை யாரும் கேக்கலையே. எங்க காகிதத்துல ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. ஒருத்தர் கட்டலைன்னா இன்னொருத்தர்தான் கட்டணும்."

கோப்பைத் திருப்பிக் காட்டினார். பதினோரு இடத்தில் அக்காவின் கையெழுத்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சில் குறி, அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அக்கா அழவில்லை. ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

மாஸ்டர் மேல் கேஸ் போடலாம் என்றார் வேறொரு வக்கீல். ஆள் கிடைக்க வேண்டும், செலவுக்குக் கையில் காசு வேண்டும் என்றும் சொன்னார். அக்கா இன்னொருத்தர் கடையில் சட்டைக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்துப் பார்த்தார். வட்டிக்கே காணவில்லை. கடைசியில் வீட்டை விற்றுக் கடனை அடைப்பது என்று முடிவானது. மிச்சம் வருவது பெண்ணின் கடைசி வருடப் படிப்புக்குச் சரியாக இருக்கும்.

வீட்டை விற்கக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைப் பேங்கில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். சிரமம் வேண்டாம் என்று குமாஸ்தா மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"ரப்பர் இருக்கா தம்பி?"

கொடுத்தேன். மூன்று குறியையும் அழித்து, தூளை ஊதித் தள்ளினார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் யாரையும் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது.

"வீடு எங்களுது இல்லைன்னு எந்த வரியில தம்பி சொல்லியிருக்கு?"

காட்டினேன். அந்த வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார்.