பதினாலாம் வரியில் நின்ற கப்பல்

கொக்கி ஊசியால் குரோசே பின்னினால் மனம் அமைதியாகும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கனடாவில் இருக்கும் என் சித்தியின் மகள் ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் எழுதுவாள். நூலும் அனுப்புவாள். நூலை எடுத்துக்கொள்வேன். அமைதியைப் பற்றிப் பதில் எழுதுவதில்லை.

எங்கள் வீடு பாலையூற்றில். யுத்த காலம். என் கணவர் அப்போது நேவி காவல் காத்த துறைமுகத்துக்குள் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கர். சட்டைப் பையில் பாஸ் இல்லாமல் வீட்டு முற்றத்தைக்கூடத் தாண்டமாட்டார். காலையில் கேற்றில் சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகவேண்டும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன்.

எனக்குத் தொடங்குகிற குணம் உண்டு, முடிக்கிற குணம் கிடையாது. அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பக்கம் மட்டும் பின்னிய குஷன் உறை கிடந்தது. நாடா வைக்காத குழந்தைத் தொப்பி ஒன்றும் கிடந்தது. அந்தக் குழந்தைக்கு மீசை வந்துவிட்டது. இவ்வளவும் இருக்க, கட்டப் பின்னல் பழக ஆசைப்பட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்த கிண்ணியா ரீச்சர்தான் காட்டித் தந்தா. கட்டம் போட்ட கொப்பித் தாளில் சில கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். கறுப்புக் கட்டத்தை நூலால் நிரப்ப வேண்டும், வெள்ளைக் கட்டத்தை ஓட்டையாக விட வேண்டும். உருவம் தானாக வந்துவிடும்.

எல்லோரும் அன்னமும் ரோசாவும் பின்னினார்கள். எனக்குப் பெரிய கெட்டித்தனம். மேசை விரிப்பின் ஓரம் முழுக்க எங்கள் துறைமுகம் வரவேண்டும் என்று, வளைந்த கரையும் வரிசையாகக் கப்பல்களும் நானே கீறினேன். பக்கத்தில் வரிகளுக்கு இலக்கம் போட்டேன். முதல் கப்பல் முடிந்து, இரண்டாவது கப்பல் பாதி வந்ததும் பெருமை தாங்கவில்லை. ரீச்சருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு வாறீங்களோ?" என்று என் கணவரிடம் தாளை நீட்டினேன்.

அவர் பார்த்தார். "கப்பலும் கட்டமும் இலக்கமும் போட்ட பேப்பரோட என்னைக் கேற்றால போகச் சொல்லுறீரோ? ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் தாறன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. இந்த மனிதர் நிழலுக்கும் பயம் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் சோற்றுப் பெட்டிக்கு அடியில், சுற்றிய பழைய பேப்பருக்குள், தாளை மடித்து வைத்தேன். மத்தியானம் சாப்பிடும்போது காண்பார், வரும் வழியில் கடையில் எடுத்துவிடுவார் என்பது என் கணக்கு. சோற்றுப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் அடியைப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்தேன்.

அன்று பின்னேரம் அவர் வரவில்லை. பேப்பர் ஒன்று பிடிபட்டதாம், ஆளை மறித்து வைத்திருக்கிறார்களாம் என்று கூட வேலை செய்தவர் வந்து படலைக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார். நான் பாதி விரிப்பையும் ஊசியையும் நூலையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கேற்றுக்குப் போனேன். பின்னிக் காட்டினால் விளங்கிவிடும், ஐந்து நிமிட வேலை. காவலுக்கு நின்றவனுக்குத் தமிழ் தெரியாது. கையை அசைத்துத் துரத்தினான். கைப்பையைத் திறக்கவே விடவில்லை. நான்கு நாள் அப்படிப் போய்த் திரும்பினேன்.

பத்தொன்பதாம் நாள் விட்டார்கள். பாஸைத் திருப்பித் தரவில்லை. பாஸ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. தாளையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். வந்தவர் குளித்தார், சாப்பிட்டார், விறாந்தைக் கதிரையில் இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், "பிழையா விளங்கிக்கொண்டாங்கள்" என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. எட்டு வருடம் நான் அந்த ஏச்சுக்காகக் காத்திருந்தேன். கறியில் உப்பைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன், வேண்டுமென்றே எரிந்து விழுந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பார். மற்றவர்கள் என்னைப் பொறுமையான புருசன் கிடைத்த புண்ணியவதி என்றார்கள். அந்தப் பொறுமை எனக்குத் தண்டனை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? மன்னித்தாரா, வெறுத்தாரா என்று தெரியாத ஒருவரோடு தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டேன். விரிப்பை மட்டும் அலுமாரியின் அடித்தட்டில், ஒரு தலையணை உறைக்குள் திணித்து வைத்திருந்தேன்.

ஊரடங்கு நீண்டுகொண்டே போன ஒரு கிழமையில் வீட்டில் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. அடித்தட்டைக் கிளறினேன். தொப்பிக்கு நாடா வைத்தேன், குஷன் உறையின் மறுபக்கத்தைப் பின்னி முடித்தேன். கடைசியில் விரிப்பு வந்தது. இரண்டாவது கப்பல் பதினாலாம் வரியில் நின்றது. அது முதலாவதைப் போல் அல்ல, பாய் விரித்த கப்பல். தாள் இல்லாமல் அந்தப் பாயைப் பின்ன முடியவில்லை. எண்ணிப் பின்னினேன், கோணியது. அவிழ்த்தேன். திரும்பவும் பின்னினேன்.

"பதினஞ்சாம் வரி," என்றார் அவர் கதிரையில் இருந்து, என் பக்கம் திரும்பாமல். "மூண்டு விட்டு அஞ்சு நிரப்பும். பிறகு ரெண்டு விட்டு ஒண்டு."

அப்படியே பின்னினேன். பாயின் நுனி சரியாக வந்தது. பதினாறாம் வரியைச் சொன்னார். பதினேழு. நான் ஊசியை நிறுத்தினேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்க ஒவ்வொரு நாளும் கீறச் சொன்னவங்கள். நேற்றுக் கீறினதும் இண்டைக்குக் கீறினதும் ஒண்டோ எண்டு பாக்க."

"'என்ர மனுசி பின்னுறது' எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உம்மைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாங்கள். வந்தா உம்மைத் திருப்பி விடுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? நான்தான் பின்னுறனான் எண்டனான்."

"நம்பினவங்களோ?"

"நூலும் கம்பித் துண்டும் தந்து, பின்னிக் காட்டு எண்டாங்கள்."

பின்னத் தெரியாத அந்த விரல்களை அவர் மடக்கி நீட்டிப் பார்த்தார். அந்த நான்கு நாளும் ஊசியும் நூலுமாக நான் கேற்றுக்கு வெளியே நின்றதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். "அதை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கேட்டார்.

ஊசியைக் கொடுத்தேன். விரலில் நூலைச் சுற்றிவிட்டேன். ஒரு முடிச்சு, அதற்குள்ளால் நூலை இழுத்தால் ஒரு கண்ணி, அதற்குள்ளால் இன்னொன்று. இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் பிடிபட்டது. பத்துக் கண்ணி போட்டார். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடிய நேரம் எடுக்கும்.

சங்கிலியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?" என்றார்.