மூண்டு வருசம் ஒண்டும் வரேல்லை

"சுகமாயிட்டுது" எண்ட ஒரு சொல்லை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னனான். அதுவும் தெரிஞ்சுகொண்டு சொன்னனான். தெரியாமல் சொல்லியிருந்தா என்னை நானே ஒரு மாதிரிச் சமாளிச்சிருப்பன்.

என்ர தம்பிக்குப் பதினாறு வயசில வலிப்பு வந்தது. சண்டைக்குள்ள பிறந்த பிள்ளை, பயந்திட்டான் எண்டு அல்லைப்பிட்டிச் சனம் கதைச்சது. வரத் தொடங்கினா ஒரு கிழமைக்குள்ள நாலு, அஞ்சு தரம் வரும். பிறகு மாசக்கணக்கா ஒண்டுமில்லை. அந்த மாசங்களில அம்மா "விட்டிட்டுது பிள்ளை" எண்டு மெழுகுதிரியோட அந்தோனியார் கோயிலுக்கு ஓடுவா. வலிப்பு திரும்ப வந்தவுடன, ஆற்றையோ கண்ணூறு எண்டு அதே வாயால திட்டுவா. தம்பியை வள்ளத்தில ஏத்த ஒருத்தரும் துணியேல்லை. எங்கட கரையில கடல் இடுப்பளவுதானே, நடந்துபோய்த் தடி நட்டுக் கட்டின வலையைப் பாக்கட்டும், அதில என்ன பயம் எண்டு விட்டாச்சு.

அந்த நேரம் நான் கம்பசில கணிதம் படிச்சுக்கொண்டிருந்தனான். கடைசி வருச ஆய்வுக்கு எனக்குக் கிடைச்சது ஒரு சின்னச் சூத்திரம். பூச்சியத்துக்கும் ஒண்டுக்கும் இடையில ஒரு எண்ணை எடுக்கிறது. அதை ஒண்டில இருந்து கழிச்சு வாறதால அதையே பெருக்கிறது. பிறகு ஒரு மாறிலியால பெருக்கிறது. வந்த விடையைத் திரும்ப உள்ளுக்குப் போடுறது. அவ்வளவுதான். மாறிலியை 3.828இல வைச்சா விடைகள் மூண்டு மூண்டா வரும்: 0.16, 0.51, 0.96, திரும்ப 0.16. கனநேரத்துக்கு அதே மூண்டுதான். அப்பாடா, ஒழுங்குக்கு வந்திட்டுது எண்டு நினைப்பியள். கடைசித் தசமதானங்களைப் பாத்தாத்தான் தெரியும், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு மயிரிழை நகருது. பிறகு திடீரெண்டு எல்லாம் தாறுமாறாச் சிதறும். கொஞ்சத்தால திரும்ப அந்த மூண்டு. வெளியில இருந்து ஒருத்தரும் தொடேல்லை. கண்ணூறும் இல்லை, பேயும் இல்லை. அமைதியும் குழப்பமும் ஒரே சூத்திரத்துக்குள்ளதான் இருக்கு. இடைவிட்ட குழப்பம் எண்டு அதுக்குப் பேர். ஆய்வின்ர கடைசிப் பக்கத்தில நானே எழுதினனான்: அமைதி எவ்வளவு நீண்டாலும், குழப்பம் முடிஞ்சுது எண்டதுக்கு அது சாட்சி இல்லை. அதுக்கு நல்ல புள்ளியும் போட்டவை.

தம்பியின்ர மூளை என்ர சூத்திரம் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கடைசி வரி அவனுக்கும் பொருந்தும் எண்டும் தெரியும்.

நான் படிப்பு முடிச்சு ரீச்சராப் போயிட்டன். தம்பிக்கு டொக்டர் தந்த புதுக் குளிசை தொடங்கி மூண்டு வருசம் ஒண்டும் வரேல்லை. அம்மா கலியாணம் பேசத் தொடங்கினா. கிட்டடியில பொம்பிளை எடுத்தா கதை போயிடும் எண்டு நெடுந்தீவில பாத்தா. கடல் தாண்டி வந்து ஆர் விசாரிக்கப் போகினம்? ஒருத்தரும் வரேல்லைத்தான். பொம்பிளையே எனக்கு ஃபோன் எடுத்தா.

"ரீச்சர், அவருக்கு முந்தி வலிப்பு வந்ததெண்டு ஒரு கதை கேள்விப்பட்டன். உண்மையோ? நீங்கள் படிச்சனீங்கள், உங்களிட்டைக் கேட்டா சரியாச் சொல்லுவியள் எண்டுதான் எடுத்தனான்."

குசினி வாசலில அம்மா என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டா.

"ஓம், வந்தது. சுகமாயிட்டுது. மூண்டு வருசமா ஒண்டுமில்லை."

"அப்ப சரி ரீச்சர்" எண்டா. அவவின்ர குரலில இருந்த நிம்மதி இப்பவும் என்ர காதைச் சுடுது.

எங்கட கோயிலில கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு, பூசையில ரண்டு பேரின்ர பேரையும் வாசிப்பினம். தடை ஏதும் தெரிஞ்சவை வந்து சொல்லோணும். மூண்டு ஞாயிறும் நான் முன் வாங்கிலதான் இருந்தனான். வலிப்பு ஒரு தடையில்லை எண்டு பூசை வைச்ச சுவாமியே சொல்லியிருப்பார். சொல்லவேண்டியது சுவாமிக்கில்லை, அவவுக்கு. ஃபோன் என்ர கைப்பைக்குள்ளதான் கிடந்தது. மூண்டாம் ஞாயிறு பூசை முடிய அம்மா என்ர தோளில தட்டினா. நானும் சிரிச்சனான், வெக்கங்கெட்டவள்.

கலியாணத்துக்குப் பிறகு குளிசையை எங்க ஒளிக்கிறது? சுகமானவனுக்கு என்ன குளிசை? சத்துக் குளிசை எண்டு அம்மா சொன்னா. தம்பி தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டான். நான் சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்தனான்.

நாலாம் மாசம் ஒருநாள் காலமை, வலை பாக்கப் போனவன் இடுப்பளவு தண்ணியில நிண்டவன். கூடையோட கரையில நிண்ட அவன்ர பெண்சாதி பாத்துக்கொண்டிருக்க, ஆளைக் காணேல்லை. வலைத்தடிகள் மட்டும் நிண்டது. அவ ஓடிப்போய் அவன்ர தலையைத் தூக்கித் தன்ர நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு கத்தின கத்தலிலதான் நாங்கள் ஓடினனாங்கள். ஒரு மனிசன் சாக இடுப்பளவு தண்ணி போதும். எங்கட கரையில அதை ஒருத்தரும் யோசிக்கேல்லை, இவ்வளவு படிச்ச நானும்தான்.

ஆஸ்பத்திரியில டொக்டர், "மருந்து ஏதும் பாவிக்கிறவரோ?" எண்டு கேட்டார்.

"சத்துக் குளிசை மட்டும்தான்" எண்டு அவ ஈரச் சட்டையோட நிண்டு சொன்னா.

நான் கையோட கொண்டுபோன குளிசைப் பெட்டியை டொக்டர் வாங்கி வாசிச்சார். என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்தார். பிறகு அது என்ன குளிசை எண்டு அவவுக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினார். அவ அவரைத்தான் பாத்துக்கொண்டிருந்தா, என்ர பக்கம் திரும்பேல்லை.

தம்பி தப்பினான். அவ விட்டிட்டுப் போயிடுவா எண்டு நினைச்சம், போகேல்லை. அதையும் அந்தோனியாரின்ர புதுமை எண்டு அம்மா சொன்னா. எனக்கு வந்த விசருக்கு! பிழை செய்தது நாங்கள், பொறுத்தது அவ, பேர் அந்தோனியாருக்கு.

இப்ப அவனோட அவவும் கடலுக்குள்ள இறங்கிறா. ரண்டு பேரின்ர இடுப்பையும் ஒரு நைலோன் கயிறு பிணைச்சிருக்கு. மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கிறாள் எண்டு கரையில நிண்டு சிரிக்கிறவையும் இருக்கினம். ஒரு வருசமாத் திரும்ப ஒண்டும் வரேல்லை. அம்மா திரும்ப மெழுகுதிரி வாங்கத் தொடங்கிட்டா.

போன கிழமை அவை கரையேறேக்க நான் அங்க நிண்டனான். தம்பி கூடையோட முன்னுக்குப் போயிட்டான். அவ கயிற்றை அவிட்டுக்கொண்டு, "மச்சாள், இனி எப்ப வரும்?" எண்டு கேட்டா. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவ என்னோட கதைச்ச முதல் கதை அது.

"தெரியாது" எண்டன்.

ஈரக் கயிற்றை முழங்கையில சுத்திக்கொண்டே சொன்னா:

"அண்டைக்கும் உங்களுக்குத் தெரியாதுதானே. அதைச் சொல்லியிருந்தாலும் நான் அவரைத்தான் கட்டியிருப்பன் மச்சாள். முதல் நாளே கயிறோட இறங்கியிருப்பன்."