கத்திரிப்பூ கலரில் ஒரு நைட்டி

போன மாதம் என் போன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. ‘உங்கள் உடையை நீங்களே வடிவமைக்கலாமே?’

நான் தேடியது என்னவோ தலையணை உறைதான். துணி என்று ஒருமுறை தேடிவிட்டால் இந்த போன் சும்மா விடுமா? கழுத்து உங்கள் இஷ்டம், கை உங்கள் இஷ்டம், கலர் உங்கள் இஷ்டம், அளவு கொடுக்கக் கடைக்குக்கூட வர வேண்டாம், தைத்து வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று இரண்டு நாளாகப் பின்னாலேயே வந்தது. சரி, என்னதான் வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று திறந்தேன்.

திறந்த நேரம்... பக்கத்தில் என் அக்கா ரெஜினா உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். அவள் அனுமதி இல்லாமலேயே இங்கே சில தடவை வந்து போயிருக்கிறாள். தெரியாதவர்களுக்காக — அக்கா புதுச்சேரியில் கோரிமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். வேலை பார்த்த காலம் முழுக்க வெள்ளை யூனிஃபார்ம். அதற்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரே பீஸாகக் கிழித்து வாங்கி வரும் துணியில் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி பாவாடை. கல்யாணத்துக்குப் பிறகு சவரி மாமாவின் செலக்‌ஷன். ஜவுளிக்கடையில் மாமா ஒரு புடவையை விரித்துப் பார்த்து, “இது அவளுக்கு எடுப்பா இருக்காதுப்பா” என்பார். கடைக்காரர் அடுத்ததை விரிப்பார். நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவளையும் கேட்கலாமே என்று யாருக்காவது தோன்றுவதற்குள் பில் போட்டிருப்பார்கள்.

ஆக, தன் துணியைத் தானே முடிவு செய்யும் பாக்கியம் அக்காவுக்கு இதுவரை வாய்த்ததே இல்லை.

“எனுக்கு ஒரு நைட்டி போடு” என்றாள்.

சிரிக்காதீர்கள். நம் பெண்கள் விழித்திருக்கிற நேரத்தில் முக்கால்வாசி எதில் கழிகிறது? பெயர்தான் நைட்டி... பால் பாக்கெட் எடுப்பது முதல் கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பது வரை பகல் வேலை எல்லாம் அதில்தான். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தெருமுனை மளிகைக்கடை வரைக்கும் செல்லும். அதைத் தாண்டினால் செல்லாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சட்டம் இது, ஆனாலும் மீறியவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்தத் தளத்தில் நைட்டி என்ற பிரிவே கிடையாது. ‘கவுன்’ இருந்தது, ‘மேக்ஸி’ இருந்தது, என்னவென்றே புரியாத நாலைந்து பெயர்கள் இருந்தன.

“தொளதொளன்னு காலு வரைக்கும் வர்றது எதுவோ, அத அழுத்து” என்றாள் அக்கா. மேக்ஸியை அழுத்தினேன்.

போன் கேமரா முன்னால் நின்றால் அதுவே அளவெடுத்துக்கொள்ளுமாம். கையைச் சற்று விரித்து நேராக நிற்கச் சொன்னது. அக்கா சுவரோரம் போய் விறைப்பாக நின்றாள்.

“மூச்ச இழுத்துப் புடிக்கணுமா?”

“எக்ஸ்ரே இல்லக்கா. சும்மா நில்லு.”

திரையில் ஒரு பொம்மை வந்தது. முதலில் வந்தவள் ஒல்லிப்பிச்சி. அக்காவின் அளவு உள்ளே போகப் போக அவளுக்கு இடுப்பு அகன்றது, வயிறு வைத்தது, தோள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் குடும்பத்துப் பெண்ணாகவே ஆகிவிட்டாள். “இப்பதான் நாலு வேளை சாப்பிட்டவ மாதிரி இருக்கா” என்று அக்கா திருப்திப்பட்டாள்.

கழுத்து தேர்ந்தெடுத்தோம். கழுத்தில் இத்தனை வகை இருப்பது தெரியாமலேயே இத்தனை காலம் தலையைத் தாங்கியிருக்கிறோம். கை, முழங்கை வரை. இரண்டு பக்கமும் பாக்கெட். “நல்லா ஆழமா இருக்கணும். செபமாலை, போனு, கண்ணாடி எல்லாம் போவணும்.” கலருக்கு வந்ததும் அக்கா போனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு கலராக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் கத்திரிப்பூ கலரில் விரலை வைத்தாள்.

எதை அழுத்தினாலும் அந்தத் தளம், ‘அருமையான தேர்வு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

“எல்லாருக்கும் அதையேதான்க்கா சொல்லும்” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

“எல்லாருக்கும் சொல்லட்டும். எனுக்கும் சொல்லுதில்ல?”

ஆர்டர் பட்டனை அழுத்தினேன்.

பார்சல் வந்த அன்று அக்கா போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருந்தது. தோள் சரியாக உட்கார்ந்தது. பாக்கெட்டில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு பீரோக் கண்ணாடி முன்னால் இப்படித் திரும்பி, அப்படித் திரும்பி... எனக்கே பொறாமையாக இருந்தது.

“இதப் போட்டுகினு அடுப்பங்கரையில நிக்க மனசு வரல. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துக்கு இதையே போட்டுகினு வரேன்” என்றாள்.

ஞானஸ்நானம் மாமாவின் தம்பி பேரனுக்கு. கோயிலில் சடங்கு, அப்புறம் நெல்லித்தோப்பில் ஒரு ஹாலில் விருந்து. மாமாவின் ஜாதி ஜனம் மொத்தமும் வரும்.

மாமா பேப்பரை மடித்து வைத்தார். “கோயிலுக்கு நைட்டியோடயா வருவ?”

“பீச் ரோட்டுல பாருங்க, மெட்ராஸ்லேந்தும் பெங்களூர்லேந்தும் வந்து இதேதான் போட்டுகினு மஞ்சச் செவுத்துல சாஞ்சி போட்டோ எடுக்கறாங்க” என்றேன் நான்.

“அவங்க வெளியூரு. அவங்க போட்டா கவுனு.”

“அக்கா போட்டா?”

“நைட்டி” என்றார் மாமா. “அதப் போட்டுகினு அவ வர்றதா இருந்தா நான் வரல. என் தம்பி மொகத்துல எப்படி முழிக்கறது?”

புடவையில் இடுப்பு தெரியும். இதில் கணுக்கால்கூடத் தெரியாது. ஆனாலும் அடக்கமானது புடவைதானாம். கழுத்துக்கும் கைக்கும் பாக்கெட்டுக்கும் பட்டன் வைத்த அந்தப் புத்திசாலிகள், ‘வீட்டுக்காரர் என்ன சொல்வார்’ என்பதற்கு ஒரு பட்டன் வைக்க மறந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கத்திரிப்பூ நைட்டி ஹேங்கரில், ரூம் கதவில் தொங்கியது. அக்கா பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா இது?”

“விடு. நல்ல நாளும் அதுவுமா சண்ட எதுக்கு?”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆசைப்பட்டு விரல் வைத்த ஒரே கலர்... அதையும் கதவில் தொங்கவிட்டுவிட்டுப் போக வேண்டுமா? மாமாவிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

அதற்குள் மதலேன் அண்ணி குளித்துவிட்டு வந்தார். மாமாவின் அக்கா. கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவர், இந்த விசேஷத்துக்காக வந்து இங்கே தங்கியிருந்தார். கதவில் தொங்கியதைப் பார்த்து நின்றுவிட்டார். துணியைத் தடவினார். பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

“இந்த ரோப் யாருது? த்ரே ஜோலி.”

ரோப் என்றால் பிரெஞ்சில் பெண்கள் போடும் கவுன். த்ரே ஜோலி என்றால் ரொம்ப அழகு. நம்ம ஊர் ஜோலி இல்லை.

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே... அவர் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் சில வகுப்புகள் படித்தவர். அந்தச் சில வகுப்புகளை இன்னும் செலவழித்து முடிக்கவில்லை. புதுச்சேரியில் எதையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டால் அதற்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்போம் இல்லையா?

“ரெஜினாவுதுதான்க்கா. அவளே டிசைன் பண்ணா, ஆன்லைன்ல” என்றார் மாமா. குரலில் பெருமை வழிந்தது. அப்படியே அக்கா பக்கம் திரும்பி, “ரோப்புன்னு முன்னாடியே சொல்றதில்லையா? போ, போய் அதையே போட்டுகினு வா” என்றார்.

 அக்கா வைத்த கொசுவத்தை உதறிவிட்டு, நைட்டியை ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது. எந்தப் பெயரில் என்றால் என்ன, காரியம் ஆயிற்றே.

கத்திரிப்பூ கலரில் அக்கா வெளியே வந்தாள். மாமா மேலும் கீழும் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அங்க யாருனா கேட்டா, ரோப்புன்னு சொல்லு. இன்னா?”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“கேட்டா நைட்டின்னுதான் சொல்லுவேன். நைட்டின்னு நெனச்சிதான் ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துப் போட்டேன். நீங்க வரீங்களா, நாங்க மூணு பேரும் கெளம்பட்டுமா?”

மதலேன் அண்ணி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அக்கா அதற்குள் படியிறங்கிவிட்டாள், திரும்பிப் பார்க்காமல். மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

ஊர் என்ன சொல்லுமோ என்று கோயிலிலிருந்து ஹால் வரைக்கும் எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஊர் அங்கே பிரியாணியில் லெக் பீஸ் தேடிக்கொண்டிருந்தது.