சாயங்காலம் ஓடாத தறி

என் மருந்துக் கடைக்கு பேண்டேஜ் துணி நெய்து தருபவர் ராஜபாளையம் செல்வி அக்கா. இன்று மாலை அவர் தறிக்கூடத்துக்குப் போனால் ஒரு சத்தமும் இல்லை. என் சரக்கு என்ன ஆச்சோ என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"என்னக்கா, கரண்ட் போச்சா?"

"கரண்ட் இருக்கு தம்பி. இந்த நேரத்துல தறி ஓட்டுனா கரண்ட் ரேட்டு கூட. மேல சோலார் போட்டுருக்கோம்ல, வெயில் இருக்கையிலயே ஓட்டி முடிச்சிருவோம்."

உள்ளே பெண்கள் சிரித்துப் பேசியபடி துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மடிக்கதுக்கு எதுக்கு கரண்ட்டு? அத அந்திக்கு வச்சுக்கிட்டோம். யாருக்கும் கூலி குறையல" என்றார் அக்கா.

என் சரக்கும் கட்டித் தயாராக இருந்தது. எம்புட்டு மூளை இந்த அக்காவுக்கு!

மின்கட்டணம் ஏறியதைப் பற்றிப் போன வாரம் இங்கே ஒரு பதிவு போட்டுப் புலம்பியிருந்தேன். அதற்கு அக்கா போட்ட சிரிப்பு எமோஜி இன்றுதான் புரிந்தது. நீங்களும் சிரித்துவிட்டுப் போங்கள்.