குட்டி கடித்த வலது கை

ஐப்பசிக் கடைசியில், முடிச்சூரில் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் வடிந்த மறுநாள், பக்கத்து வீட்டுக் காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த கறுப்பு நாய்க்குட்டியை என் மனைவி துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். கார்த்திகை தீபத்துக்குள் அதன் நடுக்கம் போய்விட்டது. எங்களுக்குத்தான் நடுக்கம் வந்தது. செய்தித்தாளைப் பிரித்தால் விரலைக் கடித்தது. செருப்பு மாட்டக் குனிந்தாலும் கடித்தது. அதட்டினால், ஏதோ பாராட்டிவிட்டதுபோல் வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் அழுத்திக் கடித்தது. குட்டிக்குத் தடுப்பூசி போட்டதோடு நாங்களும் ஆளுக்கொரு பக்கம் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

புனேயில் இருக்கும் எங்கள் மகள் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு வருவதாக இருந்தாள். பேத்தி எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் முறை. வீடியோ காலில் மகள் என் விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாள்.

“பொங்கலுக்குள்ள அது கடிக்கிறதை நிறுத்தலைன்னா, நான் பொத்தேரியிலயே தங்கிடறேன்ப்பா. குழந்தையை வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாது.”

பொத்தேரி அவள் மாமியார் வீடு. அவர்கள் ஏற்கெனவே தொட்டில் வாங்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் கையில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன். குட்டி முகத்தைச் சுளித்தது, பொறுமையாக நக்கித் தீர்த்தது, பிறகு கடித்தது. அந்த வாரம் முழுக்க நான் குடித்த காபியில்கூட வேப்பெண்ணெய் மணந்தது.

கிழக்குத் தாம்பரத்துக் கால்நடை மருத்துவர் வேறு வழி சொன்னார். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் அது விளையாட்டென்று நினைத்துக்கொள்ளும். கடிக்க ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன். அதன் பிறகு என் சொந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைவிட எழுந்து போன நேரமே அதிகம். பலன் ஒன்றும் இல்லை.

மார்கழி பிறந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். காயமெல்லாம் வலது கையில். இடது கையை மூக்குக்கு நேராக நீட்டினால், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வலது கை சாப்பிடுகிற கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அதற்குச் சாம்பார் வாசனை தெரிகிறது போலும். ஆனால் கை என்றால் சோறு என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அன்று மதியமே விடை கிடைத்தது. மனைவி தயிர் சாதத்தை முடித்தாள். கழுவ எழுந்திருக்கும் முன், கை மேசைக்கு அடியில் இறங்கியது. குட்டி ஒவ்வொரு விரலாக நக்கி, நகக்கண்ணில் ஒட்டியிருந்த பருக்கைக்காகக் கடைசி விரலை மென்றது.

“இது எத்தனை நாளா நடக்குது?”

“கழுவப் போற கைதானேங்க. நக்கினா என்ன கொறஞ்சு போச்சு?”

“நான் எழுந்து எழுந்து போறேன். நீ கீழ பந்தி போடறே. பேத்தி பொத்தேரிக்குப் போகட்டுமா?”

அவள் எழுந்து கை கழுவப் போனாள். மறுநாள் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது. குட்டிக்குச் சோறு அதில்தான். நாங்கள் சாப்பிடும்போது குட்டியை வராந்தாவில் கட்டினோம். மார்கழி முடிவதற்குள், கையை விட்டுவிட்டு என் பழைய காலுறையைக் கவ்விக்கொண்டு வரப் பழகிவிட்டது.

போகியன்று மகள் வந்தாள், எங்கள் வீட்டுக்கே. குட்டி தள்ளி நின்று குழந்தையின் வாசனை பிடித்துவிட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டது. நான் வெகுநாள் கழித்து நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

பொங்கலன்று மகள் குழந்தைக்குப் பருப்பு சாதம் ஊட்டினாள். முடித்ததும் குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்தாள். எச்சில் கை மெல்லக் கீழே இறங்கியது.

நான் மகளைப் பெயர் சொல்லி அதட்டினேன்.

“கழுவப் போற கைதானேப்பா,” என்றாள்.

மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுப் பொங்கல் காலையில் செய்தித்தாளைப் பிரித்தேன். வலது கை.