புள்ளிக் கோட்டில் வந்த பார்வோன்

ரயில்வே தலைமை அலுவலகத்தில் எல்லோரும் அவரை அட்டவணைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எந்த வண்டி எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நிற்கும், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எது ஒதுங்கி வழிவிடும் என்பதையெல்லாம் நீளமான தாளில் சாய்கோடுகளாக இழுத்துக் காட்டுவது அவர் வேலை. ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டினால், வெட்டும் இடத்தில் நிலையம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நடுக்காட்டில் வண்டிகள் முட்டிக்கொள்ளும். அந்தப் பயம் அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. எது எதோடும் முட்டக் கூடாது.

அப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாயைக் கொடுத்தான். மனைவியின் தம்பி, பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். படித்த மூளை, அடங்காத நாக்கு. அன்று தேவாலயத்திலிருந்து போதகரும் இன்னும் சிலரும் விருந்துக்கு வந்திருந்தார்கள்.

“அத்தான், உங்க வேதாகமத்துல பக்க ஓரத்துல வருஷம் அச்சடிச்சிருக்கே, அதை நம்புறீங்களா?”

“ஏன் நம்பாம?”

“அப்ப ஒரு சின்னச் சந்தேகம். ஜலப்பிரளயத்துக்கு அதுல போட்டிருக்கிற வருஷத்துக்கு இருநூறு வருஷம் முன்னாடியே பெரிய பிரமிடைக் கட்டி முடிச்சுட்டாங்க. உலகமே முழுகினப்போ அது என்ன, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சா?”

விருந்தாளிகளில் ஒருவருக்குத் தண்ணீர் புரையேறியது. போதகரே உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் அட்டவணைக்காரரைச் சுட்டது.

“என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டே என் வேதத்தைக் கிண்டல் பண்றவனுக்கு இனிமே இங்க தட்டு கிடையாது” என்றார்.

மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். “அக்கா, கை கழுவிக்கிறேன்” என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அக்காதான் மாதத்துக்கொரு தடவை அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

“ரெண்டு பேரும் பிரமிடைக் கட்டினவங்க மாதிரியே முறைச்சுக்கிறீங்க. கட்டினவன் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டான். உயிரோட இருக்கிற நான்தான் நடுவுல நிக்கிறேன்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அட்டவணைக்காரர் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தார். வேதாகமத்தின் ஓரத்தில் இருந்த அந்த ஆண்டுகள் வேதத்தைச் சேர்ந்தவை அல்ல, பிற்காலத்தில் யாரோ வம்சவரலாறுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டு அச்சில் சேர்த்தவை என்பது முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. அதை மச்சானிடம் போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. ஓரத்து ஆண்டு போனால் போகட்டும், யோசேப்பு, மோசே, சாலொமோன் ஆகிய எல்லோரையும் எகிப்து ராஜாக்களோடு உரசாமல் ஒரே தாளில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

சாப்பாட்டு அறைச் சுவரில் தாள் ஏறியது. வேதத்துக்குச் சிவப்பு, எகிப்துக்கு நீலம். வருஷங்கள் ஓட, தாள் நீண்டு மூலை திரும்பிச் சன்னலைத் தாண்டியது. “ராஜாக்களுக்கெல்லாம் இடம் கொடுத்தாச்சு, என் அலமாரியை எங்க வைக்கிறதாம்?” என்று மனைவி கேட்டபோது, “கொஞ்சம் பொறு, இந்த வம்சத்தை நகர்த்திட்டு இடம் தர்றேன்” என்றார்.

நகர்த்தவும் வழி கிடைத்தது. எகிப்து பிளவுபட்டுக் கிடந்த காலங்களில் வடக்கே ஒரு ராஜாவும் தெற்கே ஒரு ராஜாவும் ஒரே சமயத்தில் ஆண்டிருக்கிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரட்டைத் தண்டவாளத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடிய வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிவிட்டார்கள்! அவர்களைப் பக்கவாட்டில் அடுக்கினால் எகிப்தின் கணக்கு முந்நூறு ஆண்டு சுருங்கியது. சுருங்கியதும் எல்லாம் வந்து பொருந்தின. மோசே புறப்பட்ட ஆண்டுக்கு நேராக நாடு நிலைகுலைந்த ஒரு காலம் வந்தது. இடிந்த எரிகோ மதில் யோசுவாவின் காலத்தில் வந்து நின்றது. அன்று அவர் சாப்பிடவே மறந்துபோனார்.

தேவாலயத்தில் அதை விளக்கியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சபையின் மூப்பர் ஒருவர் எழுந்து, இதைத் தேவாலய மண்டபத்துச் சுவரில் நிரந்தரமாக வரைந்துவிடலாம் என்றார். சுவருக்கு வெள்ளையடித்து ஓவியரையும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அட்டவணைக்காரருக்கு மட்டும் ஒரு பழக்கம். எந்த அட்டவணையையும் இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியிட மாட்டார். நகர அருங்காட்சியகத்தில் எகிப்துப் பொருள்களுக்கென்று ஒரு கூடம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் எகிப்திலேயே பல காலம் அகழாய்வு செய்தவர் என்று கேள்விப்பட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, உடைந்த பானை ஒன்றைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார் அந்த அகழாய்வாளர். பானையை ஓரமாக வைத்துவிட்டுத் தாளை மேசையில் விரிக்கச் சொன்னார். ஆரம்பத்திலிருந்து விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

“இதை நீங்க ஒருத்தரே போட்டீங்களா சார்? ரொம்ப அழகா இருக்கு.”

அட்டவணைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வடக்க ஒரு ராஜா, தெற்க ஒரு ராஜான்னு போட்டிருக்கீங்களே, அது சரிதான். வரிசையா எண்ணக் கூடாது. ஆனா அதை ஏற்கனவே கழிச்சாச்சு சார். கழிச்சது போக மிஞ்சினதுதான் இப்ப புத்தகத்துல இருக்கிற கணக்கு. நீங்க அதுலேர்ந்து மறுபடியும் முந்நூறு கழிக்கிறீங்க.”

“கழிக்க முடியாதா?”

அந்த அம்மாள் ஒரு புகைப்படத்தை எடுத்துவந்தார். உள்ளங்கை அளவு களிமண் பலகை, அதில் ஆணி ஆணியாக எழுத்து. “இது பாபிலோன் ராஜா எகிப்து ராஜாவுக்கு அனுப்பினது. நீ அனுப்பின தங்கம் பத்தலை, இன்னும் அனுப்புன்னு கேக்குறான். இந்த எகிப்து ராஜாவை நீங்க முந்நூறு வருஷம் இந்தப் பக்கம் தள்ளினா, பாபிலோன்காரனையும் தள்ளணும். அவனோட பேச்சுவார்த்தை வச்சிருந்த மத்த ராஜாக்களையும் தள்ளணும். அவங்க நாட்டுக் கணக்கு தனியா இருக்கு, அது தள்ள விடாது.”

அட்டவணைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “இணைப்பு வண்டி” என்றார் மெல்ல. “ஒண்ணைத் தாமதமாக்கினா, அதுக்காகக் காத்திருக்கிற எல்லாத்தையும் தாமதமாக்கணும்.”

“அதேதான் சார். அதோட, கல்லறையில வச்ச விதை, கூடை, நாணல் எல்லாத்தையும் ஆய்வுக்கூடத்துல சோதிச்சுப் பார்த்துட்டாங்க. கொஞ்சம் முன்னப் பின்ன வருது. முந்நூறு வருஷம் வரலை.”

அட்டவணைக்காரர் தாளில் மோசேயின் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்: “அப்ப மோசே இல்லையா? எகிப்துலேர்ந்து யாருமே புறப்படலையா?”

“நான் அப்படிச் சொல்லலையே. நான் மண்ணைத் தோண்டுறவ. கிடைச்சதைச் சொல்லலாம், கிடைக்கலைன்னா அதையும் சொல்லலாம். கூடாரம் போட்டுத் தங்கி நடந்துபோன ஜனங்க மணல்ல எதை விட்டுட்டுப் போயிருப்பாங்க? ஒரு பார்வோன் காலம்னு சிலர் சொல்றாங்க. இல்ல, அதுக்கு இருநூறு வருஷம் பின்னாடின்னு வேற சிலர். வந்தது சின்னக் கூட்டம்ங்கறவங்க உண்டு. வெறும் கதைங்கறவங்களும் உண்டு.”

பிறகு அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்று, ஒரு பார்வோன் தன் வெற்றிகளைச் செதுக்கிவைத்த கல். அதில் ஓரிடத்தில் இஸ்ரவேல் என்ற பெயர். “இந்தப் பேர்ல ஒரு ஜனம் அப்பவே கானான்ல இருந்திருக்கு. இது அசையாது சார்.” இன்னொன்று, ஒரு கோயில் சுவர். சாலொமோனின் மகன் காலத்தில் எருசலேமுக்கு எதிராக வந்தான் என்று வேதம் சொல்லும் எகிப்து ராஜா சீஷாக், தான் படையெடுத்த ஊர்களைப் பொறித்தது. “வேதத்துல வர்ற சீஷாக்தான் இந்தச் சுவரைச் செதுக்கின பார்வோன்னு பெரும்பாலானவங்க ஒத்துக்கிறாங்க. ஆனா சுவர்ல மிச்சமிருக்கிற பேர்கள்ல எருசலேம் இல்லை.”

“ஏன் இல்லை?”

“தெரியாது.”

கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அட்டவணைக்காரர் அவரையே பார்த்தார்.

“எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க மேடம்.”

“எதை?”

“தெரியாதுன்னு.”

அகழாய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். “அதைச் சொல்றதுக்குத்தான் சார் எங்களுக்குச் சம்பளமே!”

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். “என்ன, ராஜா யாராவது வண்டியைத் தவறவிட்டுட்டாரா?”

“முந்நூறு வருஷமும் போச்சு” என்றார். செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். “வேதத்தைக் காப்பாத்துறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எல்லாம் தப்பு.”

அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். “நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அது இருந்துச்சு. நீங்க தூங்கறப்போ அது விழுந்துடலை. கொஞ்ச நாள் அதைத் தானா நிக்க விடுங்களேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் எழுந்து, தன் அட்டவணை நிற்காது என்பதைக் காரணத்தோடு சொன்னார். சுவரில் வரையச் சொன்ன மூப்பர் கொதித்துப்போய் எழுந்தார்.

“எகிப்துக்காரன் கல்லுல செதுக்கினதை நம்புவீங்க, வேதத்தை நம்ப மாட்டீங்களா?”

“வேதத்தை நம்புறேன் ஐயா. நான் போட்ட கோட்டைத்தான் நம்பலை” என்றார் அட்டவணைக்காரர். “நாளைக்கு நம்ம பிள்ளைங்க அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்துட்டு, சுவர்ல இருக்கிறது தப்புன்னு கண்டுபிடிச்சா, சுவரை மட்டுமா விட்டுட்டுப் போவாங்க?”

போதகர் தாடையைத் தடவிக்கொண்டார். “வெள்ளையடிச்ச சுவரை என்ன பண்றது?”

“வரையலாம். நிச்சயமானதை முழுக் கோடா போடுவோம். எல்லாரும் ஒத்துக்காததைப் புள்ளிக் கோடா போடுவோம். தெரியாத இடத்தை அப்படியே வெறுமையா விடுவோம். சிவப்புக் கோட்டை நான் பார்த்துக்கிறேன். நீலக் கோட்டுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆள்தான் இருக்கான்.”

அவரே போய் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவனின் கையில் திருத்திக்கொண்டிருந்த தேர்வுத் தாள், காதோரம் நரை. இத்தனை வருஷம் பார்க்காமலிருந்ததில் அது எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

“வாங்க அத்தான்” என்றான், பழக்கத்தில். பிறகு நினைவு வந்து முகத்தை இறுக்கிக்கொண்டான். “தோத்துட்டேன்னு சொல்ல வந்தீங்களா?”

“இல்ல மச்சான். தோத்துட்டேன்தான், ஆனா அதைச் சொல்ல வரலை. சுவர்ல கோடு போட ஆள் வேணும்.”

“என்ன சுவர்?”

அவர் சொல்லச் சொல்ல, அவன் தேர்வுத் தாளை எங்கேயோ வைத்தான். புள்ளிக் கோடு என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “தேவாலயத்துச் சுவர்லயா? உங்க மூப்பர் என்னை உள்ள விடுவாரா?”

“அவரை நான் பார்த்துக்கிறேன். உன் வாயை நீ பார்த்துக்கோ.”

அவன் சிரித்துவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னாடி கேட்டிருக்கக் கூடாது அத்தான்” என்றான்.

“கேள்வி நல்ல கேள்விதாண்டா” என்றார் அவர். இருவருக்கும் அதற்கு மேல் அந்தப் பேச்சு தேவைப்படவில்லை.

அடுத்த சில மாதங்கள் அந்த வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. வேலை முடிந்ததும் மச்சான் நேராக அக்கா வீட்டுக்கு வருவான். யோசேப்புக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி விட்டு வைப்பது, மோசேயை ஒரே இடத்தில் காட்டுவதா, இரண்டு இடத்தில் காட்டுவதா என்று தட்டுக்கு மேலே கை ஆட்டிக்கொண்டு பேசுவார்கள். “பார்வோன் ஆறிப்போனா பரவாயில்லை, சாப்பாடு ஆறுது” என்று அவள் அதட்டுவாள். அவள் முகம் தெளிந்திருந்தது. மோசே கடைசியில் இரண்டு இடங்களிலும் வந்தார், இரண்டுமே புள்ளிக் கோட்டில். மூப்பர் ஒரு மாதம் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, வெகுநேரம் சுவர் முன்னால் நின்று, “இந்த வெறும் இடம் எதுக்கு?” என்று கேட்டார். மச்சான் பொறுமையாக விளக்கினான். அவர் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுவாரம் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வேலை முடியப்போகும் தறுவாயில் சுவரைப் பார்க்க அகழாய்வாளரை அழைத்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். சீஷாக்கிடம் வந்ததும் நின்றார். இருவரும் பெருமையோடு மிகத் தடிமனாகப் போட்டிருந்த கோடு அது.

“இது இவ்வளவு தடிமனா வேணுமா?”

“வேதமும் கோயில் சுவரும் தனித்தனியா ஒண்ணையே சொல்லுதே மேடம்” என்றான் மச்சான்.

“தனித்தனியான்னு முழுசா சொல்ல முடியாது. இந்தப் பார்வோனோட வருஷத்தை நிச்சயிக்க எங்க ஆளுங்க வேதத்துல இருக்கிற ராஜாக்கள் கணக்கையும்தான் துணைக்கு எடுத்துக்கிட்டாங்க.”

மச்சான் வாயைப் பிளந்தான். இத்தனை காலம் வகுப்பில் அவன் இரண்டையும் தண்ணீரும் எண்ணெயும் போலப் பிரித்துத்தான் பாடம் நடத்தியிருந்தான். அட்டவணைக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

“அப்ப எங்க வண்டியைப் பார்த்துத்தான் நீங்க உங்க கடிகாரத்துல நேரம் வச்சீங்களா?”

“கொஞ்சம்” என்று அவர் சிரித்தார். “அதனாலதான் சொல்றேன், மெல்லிசாப் போடுங்க.”

“அதெப்படி மேடம், கோயில் சுவர்ல ஊர்ப் பேரெல்லாம் இருக்கு!” என்றார் அட்டவணைக்காரர்.

“அத்தான் சொல்றது சரி, இதுல விட்டுக்கொடுக்க முடியாது” என்றான் மச்சான். ஒரே பக்கம் நின்று இருவரும் சண்டை போடுவது அதுதான் முதல் தடவை.

ஏணியின் மேலே தூரிகையோடு காத்திருந்த ஓவியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “முடிவாச் சொல்லுங்க, கோடு தடிமனா, மெல்லிசா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஓவியர் பெருமூச்சு விட்டு, ஏணியிலிருந்து இறங்கி, தேநீர் குடிக்கப் போனார்.