பிளாஸ்கில் வந்த கஞ்சி

காலையில் சுடச்சுடக் கஞ்சி குடிக்காவிட்டால் எனக்கு அன்றைய நாள் தொடங்காது. எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். காலைச் சாப்பாடு என்றால் புட்டு, இல்லாவிட்டால் இடியப்பம். கஞ்சி என்பது காய்ச்சல்காரருக்கும் பல் போனவர்களுக்கும் உரியது என்பது ஊரின் எண்ணம். ஊர் எதைத்தான் சரியாக எண்ணியிருக்கிறது? நான் நல்ல சுகத்தோடும் முழுப் பல்லோடும் ஐம்பது வயது தாண்டும்வரை கஞ்சி குடித்துவிட்டே தபால் கந்தோருக்கு வேலைக்குப் போய்வந்தவள்.

அதுவும் எந்தக் கஞ்சியும் அல்ல. சிவப்புப் பச்சையரிசியை ஒன்றிரண்டாக இடித்து, வறுத்த பயறு ஒரு கைப்பிடி சேர்த்து அவிய விட வேண்டும். அரிசி கரையவும் கூடாது, விறைக்கவும் கூடாது. அந்தப் பதத்தில் தேங்காயின் முதற்பாலை விட்டு, கொதி ஏறமுன் இறக்கிவிட வேண்டும். பிறகுதான் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும். குடிக்கும்போது தேசிக்காய்ப் புளி நாலு துளி, கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டி. உதட்டைச் சுட வேண்டும், ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். ஆறின கஞ்சி என்றால் நான் மாட்டுக்குத்தான் வைப்பேன்.

அதை அம்மாதான் காய்ச்சுவார். எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில்தான் அம்மாவும் எங்களோடு இருந்தார். மற்றச் சமையல் எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டவர், இதை மட்டும் விடவில்லை. “உனக்குப் பால் விடுற பக்குவம் வராது” என்பார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. சுன்னாகத்தில் இருக்கிற தங்கை வந்து நிற்கும் நாட்களில் அவளும் காய்ச்சிப் பார்ப்பாள். ஒரு மிடறு குடித்ததும் “இது உன்ரை கை” என்று சொல்லிவிடுவேன். அவளுக்குக் கோபம் வரும். என் நாக்கை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று கந்தோரிலும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிற அன்று அம்மா படலை வரைக்கும் வந்தார். “பயப்பிடாமல் போட்டு வா பிள்ளை. கஞ்சி நான் குடுத்து விடுறன்” என்றார். சொன்னபடியே விட்டார். ஒப்பரேஷன் முடிந்து வாயால் சாப்பிடலாம் என்றதும், என் கணவர் ஒவ்வொரு காலையும் மோட்டார் சைக்கிளில் பிளாஸ்கைக் கொண்டுவந்தார். பின்னேரம் அவர் வீட்டிலிருந்து போன் எடுக்கும்போது அம்மா வாங்கி “சூடாக் குடிச்சியோ?” என்று கேட்பார். காது அவ்வளவாகக் கேளாது, என் பதிலுக்குக் காத்திராமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பிறகு காயம் சீழ் பிடித்தது. காய்ச்சல் வந்தது, பிறஷரும் ஏறியது. வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போனது. வாய் முழுக்கக் கசப்பு. ஒருநாள் வந்த கஞ்சியைப் பாதி குடித்துவிட்டு, இன்றைக்கு வாய்க்குப் பிடிக்கவில்லை என்று பிளாஸ்கைத் தள்ளிவைத்தேன்.

அடுத்த நாள் என் கணவர் வரச் சுணங்கியது. வாட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிந்து, கழுவித் துடைத்தும் ஆகிவிட்டது. பசியில் எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. முழுகிய ஈரத்தலையும் வழிக்காத தாடியுமாக வந்து நின்றார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“தோட்டத்திலை வெங்காயம் கிண்ட ஆக்கள் வந்தவை. அதுதான் சுணங்கிப்போச்சு. இந்தாரும், ஆறமுன்னம் குடியும்.”

ஊற்றித் தந்ததைக் குடித்தேன். காய்ச்சல் விட்டிருந்த நாக்குக்கு அன்றைக்குத்தான் ருசி திரும்பியிருந்தது. அரிசி பதமாக அவிந்திருந்தது. பால் திரளவில்லை. உப்புத்தான் ஒரு சொட்டுக் குறைவு. என் பிறஷரை நினைத்து அம்மா குறைத்திருக்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் கோப்பையும் வாங்கிக் குடித்து, பிளாஸ்கின் அடியையும் கரண்டியால் வழித்தேன். பக்கத்துக் கட்டிலில் குருநகர்ப் பெண் ஒருவர் இருந்தார், கடற்றொழில் செய்கிற வீட்டு மனுசி. அவரைப் பார்த்து, “எங்கடை அம்மா காச்சினது” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அம்மாட்டைச் சொல்லுங்கோ, இண்டைக்குக் கஞ்சி திறம் எண்டு.”

“ஓம், சொல்லுறன்” என்றார் என் கணவர். பிளாஸ்கை மூடிக்கொண்டு உடனேயே போய்விட்டார்.

அந்த நேரத்தில் அம்மா எங்கள் வீட்டு விறாந்தையில் கிடத்தப்பட்டிருந்தார். முதல்நாள், எனக்குக் கஞ்சி கொடுத்துவிட்ட பிறகு, கிணற்றடியில் இருந்தபடியே சாய்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை. ஆக, அம்மா கடைசியாகக் காய்ச்சிய கஞ்சி நான் பாதியில் தள்ளிவைத்த கஞ்சி. நான் வழித்து நக்கியது தங்கை சுன்னாகத்தில் காய்ச்சியது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதல்லவா, அதனால் அவள் தன் வீட்டில் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அழுவதற்குப் புத்தூருக்கு வந்திருக்கிறாள்.

இது ஒன்றும் எனக்குத் தெரியாது. பெண்கள் எங்களில் சுடலைக்குப் போவதில்லை. ஒரு மகளுக்கு உள்ளதெல்லாம் வீட்டிலே பிரேதம் எடுக்கமுன், மற்றப் பெண்களோடு வரிசையில் போய், தாயின் வாயில் ஒரு பிடி வாய்க்கரிசி போடுவதுதான். அதற்குப் பிறகு முகத்தை மூடிவிடுவார்கள். அந்த ஒரு பிடியை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, எனக்கு இரண்டு கோப்பை கஞ்சி தந்தார்கள்.

அதற்குப் பிறகும் நாள் தவறாமல் கஞ்சி வந்தது. நானும் நாள் தவறாமல் குடித்தேன். போனில் அம்மாவோடு கதைக்கக் கேட்டால், என் கணவர் “அவா கிணத்தடியிலை நிக்கிறா” என்பார். மற்ற நாள் “படுத்திட்டா” என்பார். என் மகன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், வந்து பார்க்கவே இல்லை. அவனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குள் வரக் கூடாது என்றார்கள். மத்தியானச் சாப்பாட்டில் மீன் நின்றுபோய் மரக்கறியாகவே வந்தது. குருநகர்ப் பெண் அதுவரையில் தன் மீன் குழம்பில் எனக்கு ஒரு துண்டு வைக்காமல் சாப்பிட்டதில்லை. அவரும் திடீரென்று “இண்டைக்கு மீன் சரியில்லை, உங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லத் தொடங்கினார். என் கணவர் அவரிடம் முதலே சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேதக்கார மனுசி அவர், தேவாலயத்துக்குப் போகிறவர், எங்கள் செத்தவீட்டுத் துடக்கைக் காக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனாலும் நான் தெரியாமல் மச்சம் தின்றுவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அவரிடமும் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை.

சனிக்கிழமை வந்தது. வருகிற வழியில் மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு ஓர் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவர என் கணவரிடம் சொல்லியிருந்தேன். வெறுங்கையோடு வந்தார். “சனமெண்டால் சனம். உள்ளுக்குப் போகேலாமல் போச்சு. வாற கிழமை செய்வம்” என்றார். அதையும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அந்த மனிதர் எனக்கு ஒரு பொய் சொல்லி நான் பிடித்ததில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருவாறாகக் காயம் ஆறி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஓட்டோவில் வந்துகொண்டிருந்தோம். மருதனார்மடச் சந்தி வந்ததும், இறங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்றேன்.

“வேண்டாம். நீர் களைச்சுப்போனீர். நேரை வீட்டை போவம்.”

“சாகாமல் திரும்பி வாறன், கும்பிடாமல் போறதே? தம்பி, ஓரமா நிப்பாட்டுங்கோ” என்று ஓட்டோக்காரரிடம் சொன்னேன். நின்றது. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்தார்.

“உள்ளுக்குப் போகக் கூடாது” என்றார்.

எங்கள் ஆட்களுக்குள், கூடவே இருக்கிறவர் கோயில் வாசலில் கையைப் பிடித்து இப்படிச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் துடக்கு, பிறப்பாலோ இறப்பாலோ வந்த தீட்டு. எங்கள் வீட்டில் பிள்ளை பெற ஒருவரும் இல்லை.

“ஆர்?” என்று கேட்டேன்.

“மாமி” என்றார்.

எப்போது என்று கேட்டேன். சொன்னார். அந்த நாளை எனக்குத் தெரியும். அது ருசி திரும்பியதற்கு முதல்நாள். நான் அழவில்லை. “அப்ப கஞ்சி ஆர் காச்சினது?” என்றுதான் கேட்டேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். தாய் செத்ததைக் கேட்டவள் கஞ்சியைக் கேட்கிறாளே என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

“உம்மடை தங்கச்சி” என்றார் என் கணவர்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. சனம் ஒன்றும் தடுக்கவில்லை. துடக்கோடு கோயிலுக்குள் காலடி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. என் கட்டிலருகே வந்திருந்து, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மட்டும் வந்திருக்கிறது. ஆஞ்சநேயருக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட எனக்குக் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். ஓட்டோக்காரரை நேரே புத்தூருக்கு விடச் சொன்னேன்.

படலையடியில் மகன் தொப்பியோடு நின்றான். அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவன்தான் கொள்ளி வைத்தவன். மொட்டைத் தலையை நான் கண்டுவிடுவேன் என்றுதான் அந்தக் காய்ச்சல். தொப்பியைக் கழற்றினேன். முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. “நீயும் சேந்துதானேடா?” என்றேன். “உங்களுக்கு ஏதும் ஆகிடுமெண்டு பயந்தனாங்கள் அம்மா” என்று அழுதான். பாவம், பிள்ளை. ஆனாலும் அவனைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை.

சாம்பல் கீரிமலைக் கடலில் கரைத்தாயிற்று. எட்டாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை, காயம் பிச்சிருந்தால் என்ன செய்யிறது, பிறஷர் ஏறியிருந்தால் என்ன செய்யிறது. என் நன்மை எது என்று ஊரே கூடியிருந்து முடிவெடுத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நான் மட்டும்தான் இல்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தாவது அம்மாவின் முகத்தைப் பார்க்க விடுங்கள் என்றிருப்பேன். செத்துப்போயிருப்பேனா? போனால் போகட்டுமே, அது என் பாடு.

மறுநாள் காலை தங்கை வந்து எங்கள் குசினியில் கஞ்சி காய்ச்சினாள். ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அதே கஞ்சி. இப்போதும் அம்மாவின் கைக்கும் அவள் கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

“இவ்வளவு நாளும் இப்பிடிக் காச்சத் தெரியாமலோ இருந்தனீ?”

“நானும் அவவின்ரை பிள்ளைதானே அக்கா” என்றாள். “நீங்கள்தான் ஒரு மிடறிலை தள்ளிவைக்கிறனீங்கள்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டேன். “வாய்க்கரிசி போட்டனியோ?”

“ஓம்.”

அழுதாள். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்களை விட்டிட்டுப் போடேல்லை அக்கா. நான் போட்டிட்டு, திரும்பவும் ஒரு பிடி அள்ளினனான். ‘இது அக்காவின்ரை’ எண்டு எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்லிப் போட்டனான். எல்லாரும் பாத்துக்கொண்டுதான் நிண்டவை.”

ஊர் முழுக்கப் பார்த்திருக்க நான் என் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.